எல்எக்ஸ்டியா, இன்கஸா? லினக்ஸில் கன்டெய்னர் நிறுவப் போகிறவர்களுக்கு...

லினக்ஸ் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் ஓர் ஆசை வரும். கையில் இருப்பதோ ஒரே ஒரு மடிக்கணினி. அதற்குள் ஒரு டெபியன், ஒரு உபுண்டு, ஒரு ஆல்பைன், இரண்டு மூன்று சர்வர்கள் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். சொந்தக் கணினிக்கு ஒன்றும் ஆகக்கூடாது. விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறதே என்பார்கள் சிலர். இருக்கிறதுதான். ஆனால் 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில், விர்ச்சுவல்பாக்ஸில் நான்கு கணினிகளை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்தவர்களைக் கேட்டால் மின்விசிறிச் சத்தத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள் :-)

இதற்கு லினக்ஸிலேயே இருக்கும் வழிதான் கன்டெய்னர். மெய்நிகர் கணினி என்பது தனி வீடு மாதிரி. தனி கெர்னல், தனியாக ஒதுக்கிய நினைவகம், தனி வட்டு. கன்டெய்னர் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு உண்டு. ஆனால் கிணறு பொதுவானது. இங்கே கிணறு என்பது கெர்னல். கன்டெய்னருக்குள் இருப்பவருக்குத் தன் கோப்புகள், தன் பிராசஸ்கள், தன் வலை முகவரி மட்டுமே தெரியும். அப்படித் தெரியவைப்பது கெர்னலில் இருக்கும் நேம்ஸ்பேஸ் என்ற வசதி. யார் எவ்வளவு தண்ணீர் இறைக்கலாம் என்று அளவு வைப்பது சிகுரூப். கூகுள் பொறியாளர்கள் 2006-இல் ஆரம்பித்த வேலை அது, 2008-இல் 2.6.24 கெர்னலோடு வந்தது. மெய்நிகர் கணினிக்கான கேவிஎம் அதற்கும் ஓராண்டு முன்னால், 2007-இல், 2.6.20 கெர்னலிலேயே வந்துவிட்டது.

ஆக, அடிப்படை வசதிகள் எல்லாம் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. நிறுவ வேண்டியது இவற்றை மேய்ப்பதற்கு ஒரு மேலாளரை மட்டும்தான்.

இங்கேதான் பெயர்க் குழப்பம் தொடங்குகிறது. முதலில் வந்தது எல்எக்ஸ்சி, 2008-இல். டாக்கர் 2013-இல் வெளிவந்தபோது ஆரம்பத்தில் இதன் மேல்தான் ஓடியது. பிறகு 2014 நவம்பரில், உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனம் எல்எக்ஸ்டி என்ற ஒன்றை அறிவித்தது. எல்எக்ஸ்சியை உள்ளே வைத்துக்கொண்டு, மேலே எளிமையான கட்டளைகளும் வலை வழியாக இயக்கும் வசதியும் தருவது இது. 2020-இல் மெய்நிகர் கணினிகளையும் அதே கட்டளைகளால் நிர்வகிக்கும் வசதி சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், எல்எக்ஸ்டியை இயக்குவதற்கான கட்டளையின் பெயர் எல்எக்ஸ்சி! பழைய எல்எக்ஸ்சியின் கட்டளைகளும் அதே மூன்றெழுத்தில்தான் ஆரம்பிக்கும், நடுவில் ஒரு சிறு கோடு மட்டும் கூடுதல். ஒன்றுக்கு எழுதிய குறிப்பை இன்னொன்றில் தட்டிவிட்டு, "வேலை செய்யவில்லையே" என்று விழித்தவர்கள் ஏராளம். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

டாக்கருக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. டாக்கர் ஒரு செயலியைப் பெட்டிக்குள் வைக்கிறது. எல்எக்ஸ்டி ஒரு முழு லினக்ஸையே வைக்கிறது. உள்ளே போனால் சிஸ்டம்டி ஓடும், எஸ்எஸ்ஹெச் நிறுவலாம், பயனர்களைச் சேர்க்கலாம். சிஸ்டம் அட்மின் வேலை கற்றுக்கொள்ள விரும்பும் மாணவனுக்கு இதைவிடச் சரியான விளையாட்டு மைதானம் கிடைப்பது கடினம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இன்றைக்கு ஒருவர் இதை நிறுவ உட்கார்ந்தால், முதல் கேள்வி எல்எக்ஸ்டியா இன்கஸா என்பதுதான். பார்க்கப் போனால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரண்டாக ஆன கதை தெரியாமல் தேர்ந்தெடுப்பது குருட்டுத்தனமாகிவிடும்.

எல்எக்ஸ்டிக்குப் பெரும்பாலும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுதியது கனோனிக்கல்தான். ஆனால் திட்டம் இருந்த இடம் லினக்ஸ் கன்டெய்னர்ஸ் என்ற பொதுக் குடை. எல்எக்ஸ்சி, எல்எக்ஸ்சிஎஃப்எஸ் எல்லாம் அங்கேதான் இருந்தன. 2023 ஜூலை 4-ஆம் தேதி அந்தத் தளத்தில் ஒரு சிறு அறிவிப்பு வந்தது. எல்எக்ஸ்டியை இனித் தன் சொந்தத் திட்டங்களுக்குள் வைத்துக்கொள்வதாகக் கனோனிக்கல் முடிவெடுத்துவிட்டது. அதில் வருத்தம்தான், ஆனாலும் முடிவை மதிக்கிறோம் என்கிற தொனியில் இருந்தது அது. மூலநிரல் இடம் மாறியது. தளம் மாறியது. நிரலை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் கனோனிக்கல் ஊழியர்களிடம் மட்டும் போனது. எல்எக்ஸ்டியை ஆண்டுக்கணக்கில் முன்நின்று நடத்திய ஸ்டெஃபான் கிரேபர் அதே மாதம் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கட்டற்ற மென்பொருளின் அருமையைக் காட்டுவது. ஓப்பன்சூசேவுக்காக எல்எக்ஸ்டியைப் பொதியாக்கிக்கொண்டிருந்த அலெக்சா சராய், இருந்த மூலநிரலை அப்படியே எடுத்து ஒரு புதுக் கிளை தொடங்கினார். பெயர் இன்கஸ். இடிமேகத்தின் உச்சி பட்டறைக்கல் போலத் தட்டையாக விரியும் அல்லவா, அந்த மேகத்தின் பெயர். ஆகஸ்ட் 7-ஆம் தேதி லினக்ஸ் கன்டெய்னர்ஸ் அதைத் தன் குடையின் கீழ் ஏற்றுக்கொண்டது. கிரேபர், கிறிஸ்டியன் பிரவுனர், செர்ஜ் ஹாலின், டைகோ ஆண்டர்சன் என்று எல்எக்ஸ்டியை முதலில் உருவாக்கியவர்களே பொறுப்பாளர்களாகச் சேர்ந்தார்கள். அக்டோபரில் முதல் வெளியீடு. 2024 ஏப்ரலில் ஐந்தாண்டு ஆதரவோடு 6.0 வந்தது; 2029 ஜூன் வரை அதற்குத் திருத்தங்கள் உண்டு.

கனோனிக்கல் செய்தது தவறா? சட்டப்படி ஒன்றும் இல்லை. பணம் போட்டவர்கள், தங்கள் பெயரில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் டெபியனிலும் ஆர்ச்சிலும் ஜென்டூவிலும் அதைப் பொதியாக்கிக்கொண்டிருந்தவர்கள், பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்கள், மொழிபெயர்த்தவர்கள், இவர்கள் யாரும் கேட்கப்படவில்லை. அதுதான் உறுத்தல்.

சண்டை அதோடு நிற்கவில்லை. 2023 டிசம்பரில் கனோனிக்கல், எல்எக்ஸ்டியின் உரிமத்தை அப்பாச்சி 2.0-இலிருந்து ஏஜிபிஎல் 3-க்கு மாற்றியது. நிரல் அனுப்புகிறவர்கள் ஓர் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டும் என்றது. இதன் விளைவு சுவாரஸ்யமானது. இன்கஸ் அப்பாச்சி உரிமத்திலேயே இருப்பதால் அதன் நிரலை எல்எக்ஸ்டி எடுத்துக்கொள்ளலாம். எல்எக்ஸ்டியின் புது நிரலை இன்கஸ் எடுக்க முடியாது. ஒருவழிப் பாதை! பதிலுக்கு, லினக்ஸ் கன்டெய்னர்ஸ் நடத்திவந்த இமேஜ் சர்வரின் கதவு எல்எக்ஸ்டி பயனர்களுக்கு 2024-இல் படிப்படியாக மூடப்பட்டது. டெபியன், ஃபெடோரா, ஆல்பைன் இமேஜ்கள் எல்லாம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன. கனோனிக்கல் தனியாக ஒரு சர்வர் வைக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில், பழைய குறிப்புகளைப் பார்த்து அதே கட்டளையைத் தட்டியவர்களுக்குக் கிடைத்தது வெறும் பிழைச்செய்தி. அடிபட்டது வழக்கம்போலப் பயனர்தான்.

இவ்வளவு நீளமாக இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இது ஒரு பாட்டு கேட்கும் மென்பொருள் அல்ல. நிறுவிய நாளிலிருந்து உங்கள் கணினியில் ரூட் அதிகாரத்தோடு பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கப் போகிறது. அது யார் கையிலிருந்து வருகிறது, வந்தபின் யார் கைக்குப் போகிறது என்ற இரண்டும் நிறுவும்போதே தீர்மானமாகிவிடுகின்றன.

முதல் கேள்விக்கு வழிகள் மூன்று. எல்எக்ஸ்டி என்றால் ஸ்னாப் வழியாக வரும். உபுண்டுவில் 20.04 முதலே, வழக்கமான ஏபிடி கட்டளை கொடுத்தாலும் பின்னால் ஸ்னாப்தான் நிறுவப்படும். ஸ்னாப் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வகை. வீட்டில் வசதி, ஆனால் சர்வர் வைத்திருப்பவருக்கு, தான் தூங்கும்போது மேலாளர் மென்பொருள் தானே மாறிக்கொள்வது வயிற்றில் புளியைக் கரைக்கும். அதிலும் ஒரு பதிப்பிலிருந்து மேலே போய்விட்டால் தரவுத்தள அமைப்பு மாறிவிடும், திரும்பிக் கீழே வர முடியாது. இதை நிறுத்திவைக்கும் வசதியைப் பிற்பாடு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்கஸ் என்றால் டெபியன் 13, உபுண்டு 24.04 இரண்டின் களஞ்சியங்களிலேயே இருக்கிறது. ஏபிடி கொண்டு ஒரு வரியில் நிறுவிவிடலாம். டெபியன் 12 வைத்திருப்பவர்கள் பேக்போர்ட்ஸ் பகுதியைச் சேர்க்க வேண்டும். புதுப்பதிப்பு உடனுக்குடன் வேண்டும் என்பவர்களுக்கு கிரேபரே தன் ஸாப்லி நிறுவனம் மூலம் ஒரு தனிக் களஞ்சியம் நடத்துகிறார். உபுண்டு 24.04-இல் ஒரு சின்னச் சிக்கல்: இன்கஸை மட்டும் நிறுவினால் கன்டெய்னர் ஓடும், மெய்நிகர் கணினி ஓடாது. க்யூஎம்யூ பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். டெபியனில் இதற்கு நேர் எதிர். எல்லாம் சேர்ந்தே வரும், கன்டெய்னர் மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்கஸ்-பேஸ் என்று ஒரு சின்னப் பொதி இருக்கிறது.

மெய்நிகர் கணினிக்குப் பிராசசரின் ஆதரவும் வேண்டும். பிராக் அடைவில் சிபியுஇன்ஃபோ என்றொரு கோப்பு இருக்கும். அதில் இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற சொல் இருக்கிறதா என்று தேடினால் போதும். சொல் இருந்தும் ஓடவில்லை என்றால் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை.

நிறுவியதும் ஒருமுறை தொடக்க அமைப்புக் கட்டளையை ஓட்ட வேண்டும். அது வரிசையாகக் கேள்விகள் கேட்கும். பல கணினிகளை இணைத்த கிளஸ்டரா? வேண்டாம். வலைப் பாலம் உருவாக்கட்டுமா? ஆம். சர்வரை வெளியிலிருந்து அணுக விடட்டுமா? வேண்டாம். பெரும்பாலும் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: சேமிப்பிடம் எந்த வகை என்ற கேள்வி. டிர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண அடைவில் வைக்கும், எங்கும் வேலை செய்யும். ஆனால் ஒரு கன்டெய்னரை நகலெடுத்தால் ஒவ்வொரு கோப்பையும் உண்மையாகவே நகலெடுக்கும். பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்றால் மாறிய பகுதியை மட்டுமே புதிதாக எழுதும்; ஸ்னாப்ஷாட் எடுப்பது கண்ணிமைக்கும் நேரம். கற்றுக்கொள்பவனுக்கு ஸ்னாப்ஷாட் உயிர் மாதிரி. கெடுப்பதற்கு முன் ஒன்று எடுத்துவைத்து, கெடுத்தபின் திரும்பிப் போகலாம். தனி பார்ட்டிஷன் இல்லை என்றாலும் கவலையில்லை. காலி இடத்தில் 20 சதவீதம் என்ற கணக்கில், குறைந்தது 5, அதிகபட்சம் 30 ஜிபி அளவுக்கு ஒரு கோப்பை உருவாக்கி அதையே வட்டாக வைத்துக்கொள்ளும்.

இனி ஒரே கட்டளை. ஆல்பைன் கன்டெய்னர் என்றால் இறங்க வேண்டியது சில மெகாபைட்தான், சில நொடியில் ஓட ஆரம்பித்துவிடும். அதே கட்டளையின் கடைசியில் விஎம் என்ற தெரிவைச் சேர்த்தால் மெய்நிகர் கணினி. தனியாகச் சொல்லாவிட்டால் ஒரு பிராசசர், 1 ஜிபி நினைவகம், 10 ஜிபி வட்டு. கன்டெய்னருக்கு இப்படி முன்கூட்டியே ஒதுக்குவது எதுவும் கிடையாது. பயன்படுத்துகிற அளவுக்குத்தான் செலவு. 8 ஜிபி கணினியில் பத்துக் கன்டெய்னர் சாத்தியமாவது இதனால்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வந்தபின் யார் கைக்குப் போகிறது?

ஒவ்வொரு முறையும் சூடோ போட்டுக் கட்டளை கொடுப்பது எரிச்சல். அதனால் எல்லாக் குறிப்புகளிலும் "உங்கள் பயனரை இன்கஸ்-அட்மின் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி இருக்கும். எல்எக்ஸ்டியில் அந்தக் குழுவின் பெயரே எல்எக்ஸ்டி. வெறும் வசதிக்கான வரி போலத் தெரியும், ஆனால் அது ரூட் சாவிக் கொத்தையே கொடுக்கும் வரி. அந்தக் குழுவில் இருப்பவர், சிறப்பு அனுமதி கொண்ட ஒரு கன்டெய்னரை உருவாக்கி, வெளிக் கணினியின் முழு வட்டையும் அதற்குள் இணைத்துக்கொள்ள முடியும். பிறகு கடவுச்சொல் கோப்பு முதல் எல்லாமே அவர் கையில். இது ஏதோ ஓட்டை என்று நினைக்க வேண்டாம். மேலாளர் ரூட்டாக ஓடுகிறார், சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான். ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. டாக்கர் குழுவுக்கும் இதே கதைதான். உபுண்டு 18.04 சர்வரில் எல்எக்ஸ்டி முன்பே நிறுவப்பட்டு, முதல் பயனர் அந்தக் குழுவில் தானாகச் சேர்க்கப்பட்டிருந்தார். கணினிப் பாதுகாப்புப் போட்டிகளில் விளையாடுகிறவர்களுக்கு அது நன்றாகப் பழகிய குறுக்கு வழி.

வீட்டில் ஒற்றை ஆள் கணினி என்றால் பெரிய வித்தியாசமில்லை. அவருக்கு ஏற்கெனவே சூடோ இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது பேர் நுழையும் ஒரு சர்வரில், "எல்லாரும் பழகட்டும்" என்று நல்லெண்ணத்தோடு நாற்பது பேரையும் அந்தக் குழுவில் சேர்த்தால்? நாற்பது ரூட்! ஒருவர் வீட்டுப்பாடத்தை இன்னொருவர் திறப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருவர் தெரியாமல் அழித்தாலும் எல்லோருடையதும் போகும்.

இதற்கு இன்கஸில் இன்னொரு குழு இருக்கிறது, பெயர் வெறும் இன்கஸ். அதில் இருப்பவர் முதல்முறை கட்டளை கொடுக்கும்போதே அவருக்கென்று தனித் திட்டமும் தனி வலைப் பாலமும் உருவாகும். பக்கத்துக் குடித்தனம் கண்ணுக்கே தெரியாது. வெளிக் கணினியின் வட்டை இணைக்கவும் சிறப்பு அனுமதி கேட்கவும் முடியாது. மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டியது இந்தக் குழுவைத்தான். குறிப்புகளில் இது ஏன் கடைசி வரியில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது புரியாத புதிர்.

டாக்கரும் இன்கஸும் ஒரே கணினியில் இருந்தால் வரும் தலைவலி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் இரவு முழுக்கத் தொலைத்தவர்கள் உண்டு. கன்டெய்னர் ஓடும், ஐபி முகவரி கிடைக்கும், ஆனால் இணையம் மட்டும் வராது. குற்றவாளி டாக்கர். தன் பாதுகாப்புக்காக, கணினி வழியாகக் கடந்துபோகும் பாக்கெட்டுகளைப் பொதுவாகவே தடுத்துவிடுகிறது அது. இன்கஸின் பாலத்தில் போகும் பாக்கெட்டுகளும் அந்தத் தடையில் சிக்கிக்கொள்கின்றன. டாக்கருக்கான ஃபயர்வால் விதிகளில் அந்தப் பாலத்துக்கு அனுமதி சேர்க்கலாம். அதைவிடச் சுத்தமான வழி, டாக்கரை வெளியே நிறுவாமல், நெஸ்டிங் வசதியை இயக்கிய ஓர் இன்கஸ் கன்டெய்னருக்குள்ளேயே நிறுவிக்கொள்வது. வெளிக் கணினி சுத்தமாக இருக்கும்.

ஏற்கெனவே எல்எக்ஸ்டி வைத்திருந்து, மாற நினைப்பவர்கள் கன்டெய்னர்களை மறுபடி முதலிலிருந்து உருவாக்க வேண்டியதில்லை. இதற்கென்றே இன்கஸோடு ஒரு கருவி வருகிறது. எல்எக்ஸ்டி 4.0-க்கு முந்தைய பதிப்பு என்றால் மட்டும் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். இன்கஸைப் புதிதாக நிறுவி, தொடக்க அமைப்பு எதுவும் செய்யாமல், அதில் ஒரு கன்டெய்னர் கூட இல்லாத நிலையில் இந்தக் கருவியை ஓட்ட வேண்டும். முன்னால் முக்கியமானவற்றை வேறு வட்டில் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. இரண்டு பக்கத்தையும் சரிபார்த்து, பொருந்தாத அமைப்புகள் இருந்தால் சொல்லி, தொடரலாமா என்று கேட்கும். சரி என்றால் எல்எக்ஸ்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் இந்தப் பக்கம் நகர்த்தி, இன்கஸைத் தொடங்கும். கன்டெய்னர்கள் அதே பெயரில் எழுந்து நிற்கும். கடைசியாக ஒரு கேள்வி வரும்: எல்எக்ஸ்டியை நீக்கிவிடட்டுமா? பேசாமல் என்டர் தட்டினால் 'வேண்டாம்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் அப்படியே விட்டு, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நீக்கிக்கொள்ளலாம்.